டாலரக்காவும் மூன்றாவது கட்டமும்

கம்பெனியில் எல்லோரும் அவளை டாலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாலர் நோட்டு என்ன நிறம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதும், அங்கிருந்து வரவேண்டிய பணம் எந்த பேங்கில் தூங்குகிறது என்று தேடிப் பிடிப்பதும் அவள் வேலை. லட்சக்கணக்கில் போயிருக்கிறது, வந்திருக்கிறது. ஒரு டாலரைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பெனி செய்வது குடைக் கைப்பிடி. குடை கிடையாது, கைப்பிடி மட்டும். பின்கட்டில் மெஷின்கள் பிளாஸ்டிக்கை உருக்கும் வாடை அவள் துணியில் ஏறி, துவைத்தாலும் போகாது. முன்பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் மேஜை, அந்தப் பக்கம் முதலாளி.

முதலாளி எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அதையும் கஞ்சத்தனம் என்று சொல்லக்கூடாது, கொள்கை என்று சொல்லவேண்டும். பேங்க் படிவத்தில், அனுப்பும் கட்டணத்தை யார் ஏற்பது என்று கேட்டு மூன்று கட்டம் இருக்கும். முதல் கட்டம், அனுப்புகிறவர் செலவு. இரண்டாவது, பாதிப் பாதி. மூன்றாவது, வாங்குகிறவர் செலவு. முதலாளியின் கொள்கை மூன்றாவது கட்டம். சரக்கு கொடுத்தவன் ஆயிரம் எதிர்பார்த்தால், வழியில் ரெண்டு மூணு பேங்க் ஆளுக்கொரு கடி கடித்து, தொள்ளாயிரத்து எழுபதோ எண்பதோ போய்ச் சேரும்.

"பணம் யாருக்கும்மா போகுது? அவனுக்கு. அப்ப கூலி யாரு குடுக்கணும்? அவன்தானே?" என்பார்.

ஆனால் இவருக்கு வரும் பணத்தில் பதினெட்டு டாலர் குறைந்துவிட்டால் போதும், மூன்று நாளைக்கு ஆபீஸில் யாரும் தும்மக்கூட முடியாது. "நடுவுல எவன் கடிச்சான்? கண்டுபிடிங்க! அனுப்புறவனுக்கு ஒரு மனசாட்சி வேணாமா?" டாலரக்கா ஒவ்வொரு பேங்காகக் கடிதம் எழுதுவாள். பதினெட்டு டாலரைத் தேட அவள் செலவழித்த நேரத்துக்குச் சம்பளம் கணக்குப் பார்த்தால் இருபது டாலராவது ஆகும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த இருபதையும் தேடச் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்டவர் அந்த வருஷம் ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு வெளிநாட்டுக் குடைக் கம்பெனி, வாத்துத் தலை வடிவத்தில் எண்பதாயிரம் கைப்பிடி கேட்டிருந்தது. "இந்த ஆர்டர் நல்லபடியா முடியட்டும்மா, உங்களுக்குச் சம்பளம் ஏத்திடறேன்" என்றார். இதே வாக்கு ஐந்து வருஷமாக வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை எவ்வளவு என்றும் சொன்னார். அதனால் அவள் நம்பினாள்.

நம்பியதோடு நிற்கவில்லை. ஒரு ரூமும் சமையல்கட்டுமாக இருந்த வீட்டில் அவளும் புருஷனும் மாமியாரும் வயசுக்கு வந்த இரண்டு பெண்களும். பெண்கள் உடை மாற்ற வேண்டுமென்றால் புருஷன் தெருவில் போய் நிற்பார், மழையானாலும். இரண்டு தெரு தள்ளி, மாடியில் மூன்று ரூம் வீடு ஒன்று காலியாயிற்று. ஏறப்போகும் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வாடகைக்குச் சரியாக வந்தது. கைமாற்று வாங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தாள். பெரியவள் எந்த ஜன்னல் தனக்கு என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

வாத்துத் தலைக்குப் புது அச்சு வேண்டும். அச்சு செய்து கொடுப்பவர் வெளிநாட்டில் ஒரு வயசான மனிதர். விலை பதினோராயிரத்து நானூறு டாலர். டாலரக்கா படிவம் நிரப்பினாள், மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள், முதலாளி கையெழுத்துப் போட்டார். நாலு நாள் கழித்து அச்சுக்காரரிடமிருந்து மெயில் வந்தது. 'முப்பத்திரண்டு டாலர் குறைகிறது. இதற்கு முன்னால் ஏழு தடவை குறைந்தது, பேசாமல் இருந்தேன். இந்தத் தடவை முழுப்பணம் வந்தால்தான் அச்சு கப்பல் ஏறும்.'

"முப்பத்திரண்டு டாலருக்கு இந்த ஆட்டமா!" என்றார் முதலாளி. "அனுப்பித் தொலைங்க."

"சார், இத மட்டும் முதல் கட்டத்துல அனுப்பிடலாமா? இல்லன்னா மறுபடியும் குறையும்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா."

கொள்கைப்படி முப்பத்திரண்டு டாலர் புறப்பட்டது. வழியில் இருபத்தேழைப் பறிகொடுத்து, ஐந்து டாலர் போய்ச் சேர்ந்தது. அச்சுக்காரர் ஒரே வரி எழுதினார்: 'இன்னும் இருபத்தேழு.' அதற்குள் எட்டு நாள் போயிருந்தது. அடுத்த கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. அதை விட்டால் ஆர்டர் கெடுவுக்குள் வாத்து தலை தூக்காது.

முதலாளி அந்த இருபத்தேழை ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மறுநாள் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. "சரி. முதல் கட்டம். இந்த ஒரு தடவைதான்" என்றார்.

டாலரக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று ரூமும் ஜன்னலும் கண்முன்னால் வந்து நின்றன. ஒரே மூச்சில் படிவத்தை நிரப்பினாள். பெயர், கணக்கு எண், பேங்க், தொகை, காரணம். கீழே கட்டணம். டிக். முதலாளி எப்போதும்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வரவில் மட்டும்தான். பேங்க் மூடுவதற்குள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் அச்சுக்காரரிடமிருந்து மெயில். 'பூஜ்யம் டாலர் வந்து சேர்ந்தது. என் ஐம்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பணம் எனக்கு வந்ததே இல்லை. சிரித்துச் சிரித்து என் மனைவிக்கு இருமல் வந்துவிட்டது. பாக்கியை விட்டுவிடுகிறேன். ஆனால் கப்பலில் இடம் பிடிக்கும் நாள் நேற்றோடு முடிந்தது. விமானத்தில் அனுப்புகிறேன். கூலியை வாங்குகிறவர் கட்டிக்கொள்ளவும். உங்களுக்கு அதுதானே பழக்கம்.'

டாலரக்கா ஃபைலைப் புரட்டிப் படிவத்தின் நகலை எடுத்தாள். மூன்றாவது கட்டத்தில், அழகாக, அழுத்தமாக, அவள் டிக். மனசு முதல் கட்டம் என்று சொல்லியிருக்கிறது, கை தன்பாட்டுக்கு மூன்றாவதுக்குப் போயிருக்கிறது. பத்தொன்பது வருஷம் பழகிய கை.

அச்சு இருநூறு கிலோ இரும்பு. விமானக் கூலி ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். முதலாளி கட்டினார். எண்பதாயிரம் வாத்துத் தலையும் கெடுவுக்குள் போயின. பணமும் வந்தது, முழுசாக. குடைக் கம்பெனிக்காரன் முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தான். கூலி போக லாபம் எவ்வளவு என்று டாலரக்காவுக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவளே அவள்தானே. அந்த லாபத்தில் அவர் சொன்ன ஏற்றத்தை இருபது வருஷத்துக்குக் கொடுக்கலாம்.

மாசக் கடைசியில் போய் நின்றாள். "சார், சம்பளம் ஏத்தறதா சொல்லியிருந்தீங்க."

முதலாளி படிவத்தின் நகலை மேஜையில் தயாராக வைத்திருந்தார். "நான் எந்தக் கட்டம்னு சொன்னேன்?"

"முதல் கட்டம், சார்."

"இந்த டிக் யாரு போட்டது?"

"நான்தான் சார். பழக்கத்துல..."

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்ம்மா உங்க பழக்கம். உங்க சம்பளத்துல பிடிக்காம விட்டேனே, அதுவே பெரிசு. அடுத்த வருஷம் பாப்போம்."

அந்தப் பழக்கம் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்காமல் வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் நேராக மாடி வீட்டுக்காரரிடம் போனாள். அவர் ரிட்டயரான பஸ் டிரைவர். வாசலிலேயே நின்று சொன்னாள். "எங்களால வர முடியாதுங்க. வேற யாருக்காவது வீட்டக் குடுத்துடுங்க. அட்வான்ஸுல நீங்க பிடிக்கறதப் பிடிச்சுக்கிட்டு மீதியக் குடுங்க."

அவர் உள்ளே போய், அவள் கொடுத்த அதே கவரை எடுத்துவந்து கொடுத்தார். டாலரக்கா எண்ணினாள். சரியாக இருந்தது. எங்கேயோ தப்பு என்று மறுபடியும் எண்ணினாள். மூன்றாவது தடவையும் எண்ணினாள்.

"என்னம்மா, குறையுதா?"

"இல்லீங்க. எதுவுமே பிடிக்கலையே?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "குடி வராத வீட்டுக்கு நான் என்னத்தம்மா பிடிக்கறது? நீங்க குடுத்ததத்தானே திருப்பிக் குடுக்கறேன்?"

சரி என்று தலையாட்டிவிட்டு மாடிப்படி இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். கவரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். முதலாளி முன்னால் வராத அழுகை, அந்த டிரைவரின் வீட்டுப் படியில் வந்தது. மேலேயிருந்து அவர், "என்னம்மா, விழுந்துட்டீங்களா?" என்று பதறிக்கொண்டு இறங்கி வந்தார். டாலரக்கா இல்லை என்று தலையாட்டிவிட்டு, கவரிலிருந்ததை நாலாவது தடவை எண்ணினாள்.