கட்டிலில் படுத்திருந்த இன்ஜின்

கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. காற்று நன்றாக அடித்தால் எப்போது நிற்குமோ என்று இருக்கும். நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். "இன்னும் படிச்சிருந்தா இதே கவலைய இங்கிலீஷ்ல பட்டிருப்பே," என்பாள் என் வீட்டுக்காரி.

பழவேற்காடு ஏரிக்கு அந்தக் கரையில், ஆந்திரா பக்கம் பிறந்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் குப்பத்துக்கே வந்துவிட்டேன். மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவர் போன பிறகு பைபர் படகில் அவருடைய பாதிப் பங்கும், இன்ஜினும், வலைகளும் என் பொறுப்புக்கு வந்தன. என்னுடைய நைனா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: "போற எடத்துல காகிதத்தை ஒழுங்கா வெச்சிக்கோ." அந்த ஒன்றுதான் என்னால் முடியவில்லை.

வெயில் காலத்தில் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடுகிற காலம். அப்போது அடுப்பு எரிய வேண்டுமே என்று அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. என் ரேஷன் கார்டு மாநிலம் விட்டு மாநிலம் வருவதற்குள் இரண்டு தடைக்காலம் ஓடிவிட்டது. அங்கே கேட்டால் "நீ போயிட்டவன்" என்றார்கள். இங்கே கேட்டால் "நீ இப்பதானே வந்தவன்" என்றார்கள். இரண்டு வருஷமும் மெட்ராஸில் கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தேன். அலைக்குப் பழகிய காலுக்கு மூங்கில் சாரம் ஆகவில்லை. கீழே பார்த்தாலே கிறுகிறுக்கும்.

மூன்றாம் வருஷம் போக முடியாத நிலைமை. வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். வைகாசியில் பிரசவம், சரியாகத் தடைக்காலத்தின் நடுவில். அவளுக்கும் என்னை விட்டால் ஆள் இல்லை. நிவாரணம் கிடைத்தால் நான் வீட்டில் இருப்பேன். கிடைக்காவிட்டால் அவள் ஆஸ்பத்திரியில், நான் மூன்றாவது மாடியில். இந்த ஒரே எண்ணத்தோடு கார்டைச் சேர்த்து, மனு கொடுத்து, ஊர்த் தலைவரிடம் "இவன் எங்க ஊர் மீனவன்" என்று கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பாக்கி இருந்தது, மீன்துறை ஆபீசிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பது மட்டும்தான்.

வருகிற நாளன்று காலையில் டீக்கடைக்குப் போனதுதான் தப்பு.

"எங்க சகலை ஒருத்தன் ஏதோ ஸ்கீமுக்கு எழுதிப் போட்டான்பா," என்றார் பெஞ்சில் இருந்தவர். "ஆபீசரு வந்தாரு. வூட்ல பிரிட்ஜு நிக்குது. அப்டியே பேரை அடிச்சிட்டுப் போய்ட்டாரு."

என்ன ஸ்கீம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் வீட்டிலும் கல்யாணச் சீராக வந்த பிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்காரி நண்டுக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, வூடு காலி பண்றியா?"

"இல்லக்கா. ஆபீசர் வர்றாங்க."

"ஆபீசர் வந்தா வூட்டைப் பெருக்குவாங்க. நீ இன்னா வூட்டையே தூக்கினு வர்ற?"

சிரித்தாலும் இடம் கொடுத்தார். டிவி, மிக்சி, கேஸ் அடுப்பு எல்லாம் போயின. அப்பாடா என்று திரும்பினால் மூலையில் இன்ஜின். படகை மட்டும் கரையில் விட்டுவிட்டு இன்ஜினை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவது எங்கள் வழக்கம். பிரிட்ஜுக்கே பேரை அடிப்பார்கள் என்றால், பத்து பிரிட்ஜ் விலை பெறும் இன்ஜினைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? அதையும் தூக்கினேன். அக்காவின் வீட்டில் வேறு இடம் இல்லை. கட்டிலில் கிடத்தி, கீழே தலையணை கொடுத்து, போர்வையால் மூடினேன். வலைகள் மட்டும் எதற்கு? நண்டு வலை, எறா வலை எல்லாவற்றையும் சுருட்டி அக்காவின் கொல்லைப் பக்கம் போட்டேன்.

வீட்டில் மிச்சம் இருந்தவை ஒரு பாய், ஒரு குடம், நான். திருப்தியாக இருந்தது. அந்த அளவுக்கு ஏழையாக நான் எந்த நாளும் இருந்ததில்லை என்பது மட்டும் புத்திக்கு எட்டவில்லை.

ஆபீசர் மேடம் ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயதுதான். ஊர்த் தலைவர் பின்னாலேயே நடந்து வந்தார். மேடம் உள்ளே நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இங்க யாரு குடியிருக்காங்க?"

"நானும் வூட்டுக்காரியும் மேடம்."

"எதுல சமைக்கிறீங்க?"

நான் குடத்தைப் பார்த்தேன்.

"சரி, வலை எங்க?"

"வலை இல்ல மேடம். எனுக்குனு எதுவுமே இல்ல. ரொம்ப இல்லாதவன்."

தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். "டேய், நேத்து கரைல வலை உதறினு இருந்தியேடா. இன்னா ஆச்சு, வித்துட்டியா?"

எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அண்ணா, இது கடலுக்குப் போறவங்களுக்குத் தர்ற உதவி. கார்டை மட்டும் இங்க வச்சிட்டு வேற ஊர்ல வேலை பாக்கறவங்களும் இருக்காங்க. வலை இல்ல, வீட்ல ஆள் இருக்கிற மாதிரியும் தெரியல. நான் என்னன்னு எழுதறது?" என்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்," என்றார்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. எனக்குக் காலடியில் சாரம் ஆடுகிற மாதிரி இருந்தது. மெட்ராஸ், மூன்றாவது மாடி, செங்கல் எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டன.

"பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்," என்று மேடம் கிளம்பினார்.

அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய தோளுக்கு மேலாக மேடம் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாரு படுத்திருக்காங்க? உடம்பு சரியில்லையா?"

"எங்க மாமியாரும்மா. ஜொரம்," என்றார் அக்கா.

"உன் மாமியாரா?" என்றார் தலைவர். "கல்லறைத் தோட்டத்துக்கு நான்தானேமா தோள் குடுத்தேன்!"

அக்கா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அதே சமயம் தெருமுனையில் வளையல் சத்தம் கேட்டது. வளைகாப்பு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல். காலிக் கூடையோடு வந்த என் வீட்டுக்காரி முதலில் அக்கா வீட்டு வாசலைத்தான் பார்த்தாள்.

"எங்க வூட்டு பிரிட்ஜு இங்க இன்னா பண்ணுது?"

அவள் நேராக உள்ளே போனாள். மண்ணெண்ணெய் வாசனையை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"யோவ்! இன்ஜினுக்குத் தலகாணியா?"

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு மேடம். அக்கா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மட்டும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், இந்த ஆளு எம்மாம் பெரிய அலைக்கும் பயப்படாது," என்றாள் வீட்டுக்காரி. "காயிதத்தைப் பார்த்தாதான் வெலவெலத்துப் பூடும். டீக்கடைல எவனாச்சும் எதுனா சொல்லிருப்பான்."

"பிரிட்ஜு இருந்தா பேரை அடிப்பாங்கனு..." என்று இழுத்தேன்.

"அதை யாரு கேட்டா?" என்றார் மேடம். "நான் தேடி வந்ததே வலையும் இன்ஜினும்தான். அதைக் கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீங்க!"

"அந்தாண்ட கரைல பொறந்தா இன்னாம்மா," என்றார் அக்கா. "எங்க ஊரு மாப்புள. எங்க கரைலதான் வலை இழுக்குது. அதை எழுதிக்கோ."

மாப்பிள்ளை என்று அக்கா அதற்கு முன்னும் கேலியாகச் சொன்னதுண்டு. அன்று கேலி இல்லை.

பிறகு எல்லாம் திரும்பி வந்தன. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். கூட்டத்தில் எங்களுடையது அல்லாத ஒரு வலையும் வந்து சேர்ந்தது, அது வேறு விஷயம். மேடம் என்னை இன்ஜின் பக்கத்தில் உட்கார வைத்து, மடியில் நண்டு வலையைப் போட்டு, போனில் படம் எடுத்தார். வலைக்கண்ணில் ஒரு காய்ந்த நண்டுக்கால் சிக்கியிருந்தது. அதை எடுக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்," என்றார் மேடம். "கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சா வசதியானவன்னு நெனைச்சிக்குவாங்களே மேடம்."

வீட்டுக்காரி பின்னால் நின்று கிள்ளினாள். படத்தில் நான் சிரிப்பது போலவும் இருக்கும், அழுவது போலவும் இருக்கும்.

தடைக்காலம் வந்தது. படகுகள் கரை ஏறின. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரியின் போனுக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. அவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். யாராவது தவறி அனுப்பியிருப்பார்களோ என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு, "இன்னிக்கு கோழி வாங்கினு வா," என்றாள்.

வைகாசியில் வலி எடுத்தபோது ஆட்டோ கூப்பிட நான் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தொலைக்கவும் நான் இருந்தேன். பெண் குழந்தை. வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வீட்டில் காற்று வரும் மூலை ஒன்றுதான், இன்ஜின் நிற்கிற மூலை. அதன் பக்கத்தில் பாய் விரித்துக் குழந்தையைப் போட்டோம். ஈ மொய்க்குமோ, குளிருமோ, மூச்சு சரியாக வருகிறதோ என்று அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு தடவை போர்வையை இழுத்துவிடும்போது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது:

"யோவ், மூஞ்ச மூடாத! அது இன்ஜின் இல்ல!"