கரண்ட் இல்லாமல் எடுத்த ரீடிங்

தூசி படிந்த ஹீட்டர் காயிலில் கரண்ட் பாய ஆரம்பிக்கும்போது ஒரு வாடை வரும். முடி பொசுங்கின மாதிரியும் இருக்கும், இரும்பு காய்ந்த மாதிரியும் இருக்கும்... தொண்ணூறுகளில் உத்திரமேரூரில் நான் எலக்ட்ரீஷியன் ட்ரேடு படித்த இன்ஸ்டிட்யூட்டின் லேப் முழுக்க அந்த வாடைதான்.

லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு, நாலு மேஜை. மேஜைக்கு ஒரு வோல்ட் மீட்டர், ஒரு அம்மீட்டர், ஒரு காயில்.

வேலையும் சுலபம். ஸ்விட்சைப் போட்டு, முள் காட்டுகிற வோல்டேஜையும் கரண்டையும் எழுத வேண்டும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இரண்டையும் பெருக்கினால் பவர்.

ஆனால் முள்ளை எவன் பார்த்தான்? சீனியர்களின் ரெக்கார்ட் நோட்டு எதற்கு இருக்கிறது!

230 வோல்ட். 2 ஆம்பியர். 115 ஓம். 460 வாட்.

எந்தப் புண்ணியவான் முதலில் எழுதினானோ, பேட்ச் பேட்சாக இதே நாலு நம்பர்தான். எங்களில் ஒருத்தன் சீனியரின் ரோல் நம்பரையும் சேர்த்தே காப்பியடித்தான். பேர் சொல்ல மாட்டேன்... இப்போது பெரிய கான்ட்ராக்டர், இதைப் படித்தாலும் படிப்பான்.

ஃபைனல் பிராக்டிகல் வந்தது. பாஸானால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். ஃபெயிலானால் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்க வேண்டும். அங்கே மேஸ்திரியாக இருந்த என் அக்கா புருஷன், என் ஒல்லிக்குச்சி உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபெயிலானா நேரா வந்துடு மச்சான். மொதல்ல பாதி மூட்டயா தூக்கு, அப்பால பயக்கமாயிடும்" என்று பாசமாகச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாசத்தை நினைத்தாலே முதுகு வலித்தது.

பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியூர் எக்ஸாமினர் ஆபீஸ் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருப்பேனா? வாய்த்தது சான்ஸ் என்று மளமளவென்று 230, 2, 115, 460 எழுதி, அடிக்கோடும் போட்டு முடித்தேன்.

பக்கத்து மேஜை அன்வர், பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தவரின் பிள்ளை, கிசுகிசுத்தான். "இன்னா நைனா, அதுக்குள்ள முட்சிட்டியா? எனக்கும் காட்டுறா!"

காட்டினேன். தர்மம்!

அவன் எழுதி முடிக்கவும் எக்ஸாமினர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. நேராக என்னிடம் வந்து, பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"கரண்ட் எவ்வளவு?"

எங்கள் ஊரில் கரண்டைப் பற்றிக் கேட்க இரண்டே கேள்விகள்தான் உண்டு. எப்போது போச்சு, எப்போது வரும். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"போயி அர மணி நேரம் ஆவுது சார்!"



அவர் பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் ஆம்பியரைக் கேட்டேன்யா. கரண்ட் போய் அரை மணி ஆச்சுங்கறே... இந்த ரெண்டு ஆம்பியர் எங்கேருந்து வந்துச்சு? உங்க வீட்லேருந்து கொண்டாந்தியா?"

அன்வர் தன் பேப்பரைக் குப்புறக் கவிழ்த்தான்.

"கரண்ட் வரட்டும். என் கண்ணு முன்னாடி ரீடிங் எடு. ரெசிஸ்டன்ஸ் சரியா வரலேன்னா அடுத்த அட்டெம்ப்ட்ல பார்ப்போம்."

மில்லும் மூட்டையும் அக்கா புருஷனின் சிரித்த முகமும் கண் முன்னால் வந்தன.

கடைசியில் கரண்ட் வந்தது. ஸ்விட்சைப் போட்டேன். வோல்ட் மீட்டர் முள் முக்கி முனகி எழுந்து... 184-இல் நின்றுவிட்டது. அந்த வருஷம் ஏரி வறண்டு, சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். அப்புறம் எங்கே இருநூற்று முப்பது!

"முள்ளு தூங்கிக்கினு கீதுடா, ஒரு தட்டு தட்டு" என்றான் அன்வர்.

தட்டினேன். அசையவில்லை. அம்மீட்டரைப் பார்த்தேன், 1.6. மனப்பாடம் செய்த ஒரு நம்பரும் இல்லை. தொலைந்தோம் என்று கை நடுங்க வகுத்தேன். 184-ஐ 1.6-ஆல்...

115.

நம்பாமல் மறுபடி வகுத்தேன். அதே 115, மிச்சம்கூட இல்லை! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குகிறது. காயில் அதே காயில்தானே, அதன் ரெசிஸ்டன்ஸ் எங்கே போகும்?

எக்ஸாமினர் விடவில்லை. "சரி, பவர்? முன்னாடி 460-னு எழுதியிருந்தியே."

பெருக்கினேன். 294.4.

"மீதி வாட் எங்கய்யா போச்சு?"

"ரெண்டுமே கொறஞ்சி கீது சார். பெருக்குனா பவருக்கு டபுள் அடி. அதான் சார் எங்க வூட்டு ஹீட்டர்ல தண்ணி என்னிக்குமே சுட்டதில்ல!"

அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். பழைய விடையைக் குறுக்கே அடித்துவிட்டு, புதியதன் மேல் ஒரு டிக். "போ... அடுத்தவன் வா. நீதான், பேப்பரைக் கவுத்து வெச்சிருக்கியே, நீ!"

வெளியே வந்து வேப்பமர நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் இருந்து நூறு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. அன்வரும் எப்படியோ தேறி வந்தான். பஸ் ஸ்டாண்டில் எனக்கு இரண்டு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தான். விடை காட்டியதற்காம்!

இப்போது நான் அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாவற்றையும் டிஜிட்டல் மீட்டரே கணக்குப் போட்டு வரிசையாகக் காட்டிவிடுகிறது. எவனும் வகுப்பதில்லை, எவனுக்கும் கை நடுங்குவதில்லை. கொஞ்சம் போரடிக்கத்தான் செய்கிறது... ஆனாலும் நல்லதுதான், இந்த வயதில் இன்னொரு தடவை அந்த நடுக்கத்தை என் நெஞ்சு தாங்காது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளப் பத்து செகண்டு ஆகும். அந்தப் பத்து செகண்டு மட்டும், இத்தனை வருஷம் கழித்தும், நான் எதையும் எழுதுவதில்லை. கை தானாகப் பேனாவை மூடிவிடுகிறது.