தேய்க்கத் தேய்க்க வளர்ந்த பாசி

கடைத்தெருவில் அவரைக் கறைக்காரர் என்றால்தான் தெரியும். சலவைக் கடை வைத்து இருபத்தாறு வருடம். பேனா மை, வண்டி எண்ணெய், துரு, உதட்டுச்சாயம் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் துணியை வெளிச்சத்தில் பிடிப்பார். ஓரத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்ப்பார்.

"இது காப்பி இல்ல, சாக்லேட்டு. வெந்நீல நனைச்சீங்களா? நல்ல வேலை பண்ணீங்க போங்க. சரி, வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனால், கறை எந்த இடத்தில் இருந்தது என்று கொடுத்தவருக்கே அடையாளம் தெரியாது.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஒரு பாசி ஆட்டி வைத்தது.

பாசி வந்த மீன் தொட்டி அவர் வாங்கியதல்ல, மைத்துனன் வாங்கியது. வெளியூருக்கு மாற்றல் வந்ததும், நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டியையும் பம்பு, விளக்கு, கடல்தண்ணீர் கலக்கும் உப்பு வாளி எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, உங்க கைக்குத்தான் சுத்தம் தெரியும். வேற யாரையும் நம்பி விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல" என்றான். இப்படிச் சொன்ன பிறகு மாமாவால் எப்படி மறுக்க முடியும்?

கறைக்காரரின் மனைவிக்கு மருத்துவமனையில் தொலைபேசிப் பிரிவில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை யார் யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வருபவள். "இருக்கிற வீட்டுல கால் நீட்ட எடமில்ல, இதுல கடலு வேறயா?" என்று தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். கடைசியில் கூடத்தில், மகளின் படிப்பு மேசை இருந்த மூலை தொட்டிக்கென்று ஒதுக்கப்பட்டது. மகள் கல்யாணமாகிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மேசை மட்டும் சும்மாதான் கிடந்தது.

தொட்டிக்குள் பாறைகள். பாறைமேல் விரல் விரலாக அசையும் பவளங்கள். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டு. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய இறால் ஒன்று. கறைக்காரர் வேலையாகக் கையை உள்ளே விட்டால் இறால் ஓடி வந்து அவர் விரலில் ஏறிக்கொண்டு நக இடுக்கைச் சுத்தம் செய்யும். "தொழில் தெரிஞ்ச ஆளு" என்று அதை அவர் வாய் நிறையப் புகழ்வார்.

மூன்றாவது மாதம் பாறையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அவர் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். ஒரு வாரத்தில் அதே இடத்தில் குழந்தைத் தலைமுடி போலப் பாசி. அதையும் பிடுங்கினார். அடுத்த வாரம் பாறைக்கே முடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கடையிலிருந்து காலர் தேய்க்கும் பிரஷ், கம்பி பிரஷ், பஞ்சு எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோள்வரை நனைந்துகொண்டு தேய்ப்பார். புதன்கிழமை பார்த்தால் பாசி செழிப்பாக நின்று ஆடும். தேய்த்ததில் பிய்ந்த துணுக்குகள் மிதந்துபோய்ப் புதிய இடங்களில் ஒட்டிக்கொண்டன. பவளங்கள் மூச்சுமுட்டியது போல் சுருங்கிக் கிடந்தன.

"விட்டுத் தொலைங்களேன், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி.

"என்ன பேசுற நீ? ஊரான் வீட்டுக் கறையெல்லாம் எடுக்கறவன் வீட்டுக்குள்ள இது இருந்தா சிரிக்க மாட்டாங்களா?"

வீம்பு ஏறிவிட்டது. வெள்ளைத் துணியில் பிடிவாதக் கறைக்கு அவர் போடும் மருந்து பெராக்ஸைடு. ஒரு சனிக்கிழமை காலை, பாறைகளை வெளியே எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல், தொட்டிக்குள்ளேயே ஊற்றிவிட்டார். பாசியிலிருந்து நுரை நுரையாகக் குமிழி கிளம்பியது. "மாட்டுனியா?" என்று கைகளைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

மதியம் மனைவி கடைக்கு போன் செய்தாள். "இறால் பக்கவாட்டுல சாஞ்சு கெடக்குங்க. கால் ஆடவே இல்ல." அவ்வளவுதான் சொன்னாள்.

வந்து பார்த்தார். கையை உள்ளே விட்டார். இறால் விரலில் ஏறவில்லை. அதை எடுத்து ஈரத் துணியில் வைத்தார். மீன்களை உடனே வாளிக்கு மாற்றி, பாதித் தண்ணீரை மாற்றி, கையில் இருந்த உப்பையெல்லாம் கரைத்து ஊற்றினார்கள். அன்றைக்கு மனைவி ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. அதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

மறுநாள் வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடை நடத்துபவள் முப்பது வயதுப் பெண். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"தண்ணி எதுண்ணே ஊத்துறீங்க?"

"கொழாத் தண்ணிதான்."

"சாப்பாடு எத்தன வேளை?"

"ஒரே வேளைம்மா. காலைல ஒரு சிட்டிகை. அதுக்கு மேல தொடறதே இல்ல."

"ஒரு வேளைக்கு இவ்ளோ பாசி வராதுண்ணே. எங்கேயோ இடிக்குது. கொழாத் தண்ணில இருக்கிற சத்தும் மீன் திங்காம விட்ட தீனியும்தான் பாசிக்குச் சோறு, அதை நீங்கதான் போடறீங்க. அதை நிறுத்தாம எவ்ளோ தேய்ச்சாலும் வளரத்தான் செய்யும்." வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு கருவியும், நான்கு பெரிய நத்தைகளும் கொடுத்து அனுப்பினாள். தீனி ஒரு வேளைக்கு மேல் கூடவே கூடாது என்றாள். விளக்கைச் சில மணி நேரம் குறைக்கச் சொன்னாள்.

அவர் எல்லாம் செய்தார். இரண்டு வாரமாகியும் பாசி அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கல்யாணச் சட்டை ஒன்றின் பொத்தான்கள் வீட்டில் கிடப்பது ஞாபகம் வர, கறைக்காரர் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே மனைவியின் குரல். மகளோடு போனில் பேசுகிறாளாக்கும் என்று நினைத்து மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"...காலைலேர்ந்து நாப்பது பேரு, டாக்டர் இருக்காரா, டாக்டர் இருக்காரான்னு. எனக்கு வாயே வலிக்குது. உங்கிட்டதாண்டி பேசறேன், அந்தப் பக்கம் என்ன பாக்கிற? அந்த மனுசன் காலைல கிள்ளிப் போட்டது உனக்கு எந்த மூலைக்கு? இந்தா, வாங்கிக்கோ. நீயும் வாடா."

தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தீனி டப்பா. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கிள்ளு உள்ளே விழுந்தது. மீன்கள் இரண்டும் பிறந்ததிலிருந்து பட்டினி கிடந்தவை போல வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியில் முட்டின.

"ஓஹோ!" என்றார் கறைக்காரர்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் டப்பாவைப் பின்னால் மறைத்தாள். அப்புறம் மறைத்து என்ன பயன் என்று வெளியே எடுத்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"வந்ததிலேர்ந்துதான். சாயங்காலமும் கொஞ்சம். அதுங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்காதா உங்களுக்கு?" அவள் குரல் தணிந்தது. "வீட்டுக்கு வந்தா யாருங்க இருக்கா? நீங்க எட்டு மணிக்கு வர்றீங்க. இதுங்கதான் நான் வந்ததும் ஓடி வருது."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடிவருவது தீனிக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"கடைக்காரப் பொண்ணு ஒரு வேளைன்னு சொல்லியிருக்கு. அந்த ஒரு வேளைய நீயே போடு. மதியம் போடு. நான் காலைல போடல."

"ஒரு வேளைதானா?"

"பேச்சுக்குக் கணக்கில்ல. எவ்ளோ வேணும்னாலும் பேசு."

அன்றிலிருந்து டப்பா அவள் பொறுப்பு. ஒரு கிள்ளு போட்டு, அலமாரியின் மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டுப் பேச உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர் பாசியைக் கையால் பிடுங்குவார், அவள் குழாயைப் பக்கத்திலேயே பிடித்து, பிய்ந்த துணுக்கு ஒன்றுகூட மிதக்காமல் உறிஞ்சி வாளியில் விடுவாள். அவர் பரபரத்துக் கம்பி பிரஷ்ஷைத் தேடினால், "அவசரப்பட்டு ஒரு உசுரு போனது போதும்" என்பாள். அவர் பிரஷ்ஷைக் கீழே வைப்பார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் பாசி வெளிறிப் பிடி தளர்ந்தது. நத்தைகள் ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டு மேய்ந்தன. ஒரு நத்தை மட்டும் எப்போதும் மல்லாந்து விழுந்து கிடக்கும். அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தாள் அவள். மூன்றாவது மாதக் கடைசியில், பச்சை போன பாறையில் ரோஜா நிறத்தில் காசு காசாக ஏதோ படர்ந்திருந்தது. சுரண்டப் போனவர், கையை நிறுத்திக் கடைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தார். "அது நல்ல பாசிண்ணே, அது இருந்தா தொட்டி தேறிடுச்சுன்னு அர்த்தம். தொடாதீங்க!" என்றாள்.

பம்பு இருக்கும் பின்மூலையில் கொஞ்சம் பச்சை இன்னும் உண்டு. அதை நத்தைகளுக்கென்று விட்டுவிட்டார்கள். கறைக்காரர் இப்போது செவ்வாயும் வெள்ளியும் மதியம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். தொட்டி முன்னால் இரண்டு நாற்காலி கிடக்கிறது. மருத்துவமனையில் அன்றைக்கு யார் யார் போன் செய்தார்கள் என்று அவள் சொல்வாள். மீன்களோடு சேர்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.