கண்ணைக் குத்தாத வெளிச்சம்

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்சியிலேயே பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். அண்ணன்காரன் ஒருமுறை அலுவலக வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட, அங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது. பெயருக்கேற்ற குணம்தான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் மூன்று வேலையைத் தொடங்கிவிட்டுப் பாலைக் கோட்டை விடுவாள்.

விளம்பரத்துக்கான பெரிய எல்.இ.டி. திரைகளைச் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் அவள் இன்ஜினியர். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை எண்களாக்கி, கம்பி வழியே திரையின் ஒவ்வொரு விளக்குப் புள்ளிக்கும் அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. நாற்சந்தியில் போன மாதம் ஏற்றிய திரை, அதுவரை அவர்கள் செய்ததிலேயே பெரியது. அதே மாதம்தான் அவளுடைய நாத்தனார் கைக்குழந்தையோடு எதிர் அடுக்குமாடியில் குடியேறினாள்.

“என்ன அண்ணி இது, சூரியனைப் புடிச்சு எங்க ஜன்னலுக்கு எதிர்ல கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?” என்று நாத்தனார் போனில் பொரிந்தாள். “புள்ள ராத்திரி பகலா முழிச்சுக் கெடக்கு. நம்ம அண்ணி நாத்தனார் பாசத்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த வெளக்கை அணைங்க!”

அவள் மட்டுமல்ல, அந்தக் கட்டடமே கொதித்துப்போயிருந்தது. இருட்டினதும் திரையை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். முதலாளியோடு அவளும் போனாள். ஒளியைக் குறைப்பது ஒரு பொத்தான் வேலைதான். ஆனால் குறைத்தால் படம் கெட்டது. கன்னத்தில் மெல்லப் படரவேண்டிய நிழல் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக விழுந்தது. கருங்கூந்தல் தார் பூசியதுபோல் ஒரே கருப்பாக அப்பிக்கொண்டது. அந்தப் படத்தை எந்த விளம்பரக்காரரும் ஏற்கமாட்டார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள்.

“ஒளியும் குறையும், படமும் கெடாது. ரெண்டு வாரம் கொடுங்க.”

வெளியே வந்ததும் முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, எப்படின்னு தெரிஞ்சுதான் சொன்னியா?”

“இல்ல சார். வாயில வந்துருச்சு.”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிக்கல் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் சுத்த இருட்டிலிருந்து முழு வெளிச்சம்வரை சமமான படிகளில் ஓர் எண் போய்க்கொண்டிருந்தது. ஒளியைக் குறைத்தால் கீழே உள்ள சில படிகள் மட்டும்தான் மிஞ்சும். மேலே உள்ளவையெல்லாம் சும்மா கிடக்கும். படிகளைப் பொடிப்பொடியாக்கினால் எண் நீளும். அத்தனை நீளத்தை அந்தக் கம்பி தாங்காது. கம்பியை மாற்றுவதென்றால் திரையையே பிரித்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனாரைச் சமாதானம் செய்யப் போனாள். பகலிலாவது பிள்ளை தூங்கட்டும் என்று அறையில் தடித்த திரைச்சீலை போட்டிருந்தது. நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் கண் பழகியதும் கருப்புப் போர்வையின் மடிப்புகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன; அதன்மேல் குழந்தையின் சுண்டுவிரல். பிறகு துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தாள். உச்சி வெயிலில் கொடியில் வெள்ளைத் துண்டும் வெள்ளைச் சட்டையும் தொங்கின. எது பழுப்பேறியது, எது புதுசு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். இருட்டில் கண் எள்ளளவு வித்தியாசத்தையும் பிடிக்கிறது. வெளிச்சத்தில் மலையளவு வித்தியாசத்தையும் கோட்டை விடுகிறது. அப்படியானால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுப் படி எதற்கு?

“அண்ணி, துணி எடுக்கப் போனீங்களா, நெய்யப் போனீங்களா?”

“கண்டுபுடிச்சிட்டேன்டி!” என்று அவள் கத்த, உள்ளே குழந்தை வீரிட்டது. நாத்தனார் பார்த்த பார்வையில் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

யோசனை இதுதான். திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒளியில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இங்கே பொடிப் படி’, ‘இங்கே பெரிய படி’ என்று ஒரு குறிப்பை முதலில் அனுப்பிவிட்டால் போதும். புள்ளிகளுக்கு அதே பழைய நீளமுள்ள எண் போதுமானது. குறிப்புகள் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், கம்பி தாங்கும். திரையின் பின்னால் இருக்கும் மின்சுற்று அட்டைகளுக்குப் புதுப் புரோகிராம் ஏற்றினால் போதும். ஓர் ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

எழுதி முடித்ததும் அவசரப் புத்தி சும்மா இருக்குமா? பட்டறையில் முழுதாகச் சோதிக்காமல், சாயங்காலமே நாற்சந்தித் திரையில் ஏற்றிவிட்டாள். சோப்பு விளம்பரத்துப் பெண்ணின் முகம் சதுரங்கப் பலகையாகிவிட்டது. மூக்கு கன்னங்கரேல் என்றிருந்தது, காது பல்பு மாதிரி எரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி ஓடிப்போய்த் திரையை அணைத்தார்.

அவள் கணவன் பஸ் டிரைவர். அன்றிரவு அவள் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டு, “நான்கூட ஒரு தடவை ரூட் மாறி அடுத்த தெருவுல போயிட்டேன். பஸ்ஸு என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு. சாப்பிடு,” என்றான்.

பாதிக் கவளத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. தெரு மாறியதுதான்! ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் குறிப்பை எடுத்துக்கொண்டிருந்தது. யோசனையில் பிசகில்லை, எண்ணிக்கையில் ஒன்று தவறியிருந்தது, அவ்வளவே. இந்த முறை பட்டறையின் சின்னத் திரையில் சாவதானமாக, படம் படமாகப் போட்டுப் பார்த்தாள். முதலாளி பார்த்தார், வெல்டிங்காரர் பார்த்தார், டீ கொண்டுவந்தவர்கூடப் பார்த்துத் தலையாட்டினார்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் பொழுது சாயும்போது அடுக்குமாடிப் பால்கனிகளில் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். அவள் கம்ப்யூட்டரோடு எதிர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். வானம் மங்க மங்கத் திரையின் ஒளியும் கூடவே இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகளில் அடித்துக்கொண்டிருந்த வெள்ளை ஒளி விலகியது. திரையில் அதே பெண். கன்னத்து நிழல் வழுக்கிக்கொண்டு இறங்கியது, கூந்தலில் இழை இழையாகத் தெரிந்தது. மேலே யாரோ கை தட்டினார்கள். உடனே யாரோ “உஷ்” என்றார்கள்.

போன் அடித்தது. நாத்தனார். குரலே எழும்பவில்லை.

“என்னடி, ஏன் மெதுவாப் பேசற? இன்னும் கண்ணு கூசுதா?”

“கத்தாதீங்க அண்ணி,” என்றாள் அவள் கிசுகிசுப்பாக. “தூங்கிட்டான். நானும் படுக்கப் போறேன். யாரும் மேல வராதீங்க.”

முதலாளி நடைபாதையிலேயே அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். “நாளைக்கு லீவு எடுத்துக்கம்மா.” பிறகு கொஞ்சம் யோசித்து, “நானும் எடுத்துக்கறேன்,” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பசியும் வந்தது. தெருமுனைக் கடையில் ஒரு பெரிய ரொட்டி வாங்கி, கணவனுடைய பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்று ஒரு துணுக்கு விடாமல் தின்று தீர்த்தாள்.