ஆறும் மட்டும்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி, எங்கள் ஊர்ச் சாலை பஜாரில் ஒரு மருந்துக் குப்பிக் கடையாகத் தொடங்கியது. பிறகு கரமனைக்கு அப்பால் ஷெட் போட்டு, கல்லூரி லேப்களுக்குக் கண்ணாடிக் குடுவை செய்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் முதலாளிக்குக் கண்ணாடி மேல் இருந்த மோகம் போய்விட்டது. கண்ணாடிப் பக்கம் ஆள் குறைந்தபோது, பிளாஸ்டிக் பிரிவிலிருந்த என் கணவரைச் சூளைக்கு மாற்றினார்கள்.

பிளாஸ்டிக் சாமான் அச்சிலிருந்து விழுந்த கையோடு பெட்டிக்குள் போகும். கண்ணாடி அப்படியல்ல, சூளைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் வெடிக்கும். இவருக்கு இதை யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

நான் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். அன்று புதுக் குடுவைகளைப் பிரித்து மாணவிகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கையில் அவர் போன் செய்தார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

"இஞ்ச பாரு, ஒரு தமாஷ். போன வாரம் முதலாளி போன்ல, 'எடே, ஆறும் மட்டும் சூளையத் தொறக்காத'ன்னாரு. எனக்கு 'ஆறு மட்டும்'னு கேட்டுச்சு. கரெக்டா ஆறு மணிக்குத் தொறந்துட்டேன்! இன்னைக்குத்தான் பேச்சுவாக்குல தெரிஞ்சுது."

எங்கள் பேச்சில் 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. சூடு ஆறும் வரைக்கும் என்று முதலாளி சொன்னது, இவர் காதில் ஆறு மணி வரைக்கும் என்று விழுந்திருக்கிறது.

"அந்தக் குடுவையெல்லாம் எங்க?"

"உங்க காலேஜுக்குத்தான் வந்திருக்கு. ஒண்ணும் ஒடயல்லியே. சாரமில்ல."

இந்த ஊரில் எதையும் 'பரவாயில்லை' என்று தள்ளிவிட இந்தச் 'சாரமில்ல' ஒன்று கைவசம் இருக்கும். எதிர் மேசையில் ஒரு பெண், குடுவையிலிருந்து காற்றை உறிஞ்ச பம்பை ஓடவிட்டு, முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். உள்ளே காற்று குறையக் குறைய வெளிக்காற்று குடுவையை நெருக்கும். அவள் பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. கத்தினால் பதறிப்போய்க் குடுவையைத் தட்டிவிடுவாளோ என்று பயம். பின்னால் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். பம்பை அணைத்தேன்.

"எந்தா சேச்சி?" என்றாள் கோபமாக.

குடுவை பளபளவென்று நின்றது. கீறல் ஒன்றுமில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. எல்லோரையும் மேசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். அவர் லைனில்தான் இருந்தார்.

"வேற எங்க குடுத்தீங்க?"

அவர் சிரிப்பு நின்றிருந்தது.

"மிச்சத்தச் சாலையில நம்ம பழைய கடையில சில்லறைக்குப் போட்டாச்சு. யாராரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணுகூட பாக்கி இல்ல."