பிள்ளையை ஏன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?

அடுத்தவர் வீட்டுப் படலையில் நின்று ஏச்சு வாங்குவதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் ஒன்று உண்டு. அதைத்தான் நான் பார்க்கிறேன். ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கூடம் வராவிட்டால் அதிபர் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு அறிவிப்பார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், பிள்ளையை ஏன் மறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதினாறு வயது வரை படிப்புக் கட்டாயம், சட்டம் இருக்கிறது என்று கொஞ்சம் வெருட்டவும் வேண்டும்.

மீற்றர் பார்க்கிறவர், டெங்கு நுளம்புக் குடம்பி தேடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறவர், குடும்பநல மாது, நீங்கள் எல்லோரும் என் கட்சி. எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் படுக்கும், எது சத்தமில்லாமல் வந்து கெண்டைக்காலைப் பிடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பெற்றோரில்தான் கோபம். வன்னியில் இத்தனை வருடம் படலை படலையாக ஏறி இறங்கியதில் அந்தக் கோபம் குறையவில்லை. ஆள்தான் மாறிவிட்டது.

காட்டு வழி

துணுக்காய்ப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் ஒரு தகப்பன், வயல் செய்கிறவர், தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் மாரி தொடங்கியதிலிருந்து வீட்டிலேயே வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கணக்கு அவர், மற்றதெல்லாம் மனைவி. நான் ஸ்கூட்டியை நிற்பாட்ட முதலே, பிள்ளைகளை மறித்தது தான்தான், மனிசியை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முன்னுக்கு வந்து நின்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி காட்டுக்குள்ளால். இரவு முழுக்க வயலில் மேய்ந்த யானைகள், பிள்ளைகள் சைக்கிளில் போகிற அதே நேரத்தில்தான் அந்த வழியைக் கடந்து காட்டுக்குள் திரும்பும். காலை பஸ் ஒழுங்காக வந்தால் பயமில்லை. அது வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. நான் திரும்பி வந்து எங்கள் அலுவலகத்தில் சொன்னேன். யானை வேறு ஆட்களின் பொறுப்பாம், பஸ் இன்னும் வேறு ஆட்களின் பொறுப்பாம். வரவு குறைவதுதான் எங்கள் பொறுப்பாம். பிள்ளையை யானை அடித்தால் அது யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். மேலதிகாரி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

வெறுங்கையோடு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் பொறுங்கோ, பஸ்சுக்குச் சொல்லியிருக்கிறது என்று, எனக்கே நம்பிக்கை இல்லாத கதையைச் சொன்னேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"யானை நேரம் தவறாமல் வருது மிஸ். பஸ்சையும் அதுமாதிரி வரச் சொல்லுங்கோ, நாளைக்கே அனுப்பிறன்."

கடைசி வாங்கு

பிறகு முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. ஜெசிந்தா என்ற தாய் தன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையை அனுப்பாமல் வைத்திருந்தார். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் மறைக்கல்வி படிப்பிக்கிற சித்தி ஒருத்தி, தினமும் பின்னேரம் வந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை வாசிக்கட்டும் பார்ப்போம் என்றேன். சுவரில் தொங்கிய மாதா படத்துக் கலண்டரில் இருந்த செபத்தை ஒரு இடமும் தட்டாமல் வாசித்து முடித்துவிட்டு, இன்னும் வேணுமோ என்று என்னைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். வகுப்பாசிரியை பிள்ளையைக் கடைசி வாங்கில், ஜன்னலோரம், தனியாக இருத்தியிருக்கிறார். மீன் வெடுக்கு அடிக்கிறதாம், மற்றப் பிள்ளைகள் முறையிடுகிறார்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்து, சவர்க்காரம் முடியும் வரை கிணற்றடியில் நின்று தேய்த்திருக்கிறது. தோல் சிவந்து எரியத் தொடங்கிய பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. ஆனாலும் உத்தியோகம் அல்லவா, சட்டத்தைச் சொன்னேன். ஜெசிந்தா பாரை மீன் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த ரீச்சர் வீட்டுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் மீன் குடுக்கிறது என்ர மனுசன்தான். அவவின்ர சட்டிக்குள்ள மணக்காத மீன் என்ர பிள்ளையில மணக்குதாமோ?"

தண்ணீர்ப் போத்தல்

இனி யாழினியின் கதை. என்னை உண்மையாகவே விசராக்கியது இதுதான்.

யாழினி முள்ளியவளைக்கு அங்கால் ஒரு ஊர்ப் பிள்ளை. பத்தாம் ஆண்டு. பிறப்பிலேயே இரண்டு காலும் பலமில்லை, சக்கர நாற்காலியில்தான் எல்லாம். ஒன்பதாம் ஆண்டு வரை ஒரு குறையும் இல்லை. வகுப்பு நிலத்தோடு இருந்தது, சிநேகிதிகள் தள்ளிக்கொண்டு போவார்கள், கணக்கில் எப்போதும் அவள்தான் முதலாவது. வருகிற வருடம் ஓ.எல். பரீட்சை எடுத்து, பிறகு ஏ.எல். வகுப்பில் கணிதப் பிரிவு படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வகுப்பில் இருந்து படித்தால்தான் அது நடக்கும். வீட்டில் இருந்தால் வரவும் இல்லை, விஞ்ஞானச் செய்முறையும் இல்லை, பள்ளிக்கூடத்தின் பேரில் பரீட்சை எடுப்பதும் இல்லை.

இந்த வருடம் பத்தாம் ஆண்டு, வழக்கம்போல, மாடிக் கட்டிடத்தின் மேல்தளத்துக்குப் போனது. படிக்கட்டு மட்டும்தான், சாய்தளம் இல்லை. காலையில் நான்கு பெடியங்கள் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றுவார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் இறக்குவார்கள். ஏற்றும்போது முழுப் பள்ளிக்கூடமும் நின்று பார்க்கும். நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு தரம் தூக்கி இறக்க வேண்டும். ஆகவே யாழினி ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிற்பாட்டிவிட்டாள்.

தாய் சுகந்தி கட்டிக்கொடுத்த தண்ணீர்ப் போத்தல் நிரம்பினபடியே திரும்பி வந்தது. வெயில் குறைவு, குடிக்கவில்லை என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். கடைசியில் காய்ச்சலும் வயிற்றுக்குத்துமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, சிறுநீரில் கிருமி என்றார்கள். அன்றோடு சுகந்தி பிள்ளையை மறித்துவிட்டார். குசினி மேசைதான் வகுப்பு. ஏ.எல். வரை படித்தவர் என்றாலும் இப்போதைய கணக்கு அவருக்குப் பிடிபடாது. சமையலை முடித்துவிட்டுக் கைத்தொலைபேசியில் பாடத்தைப் பார்த்து, தான் முதலில் விளங்கிக்கொண்டு, பிறகு மகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

நான் போன நேரம் யாழினி உள்ளே கணக்குச் செய்துகொண்டிருந்தாள், தலை நிமிர்த்தவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்கு என்னில் வெறுப்பாக இருந்தது. சுகந்தி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்:

"நாலு பேர் தூக்கிறது சுவாமியைத்தான் மிஸ். சுவாமிக்குத் தண்ணிவிடாய் இல்லை. என்ர பிள்ளைக்கு இருக்கு."

சோலார் வீடு

அதே கிழமை இன்னொரு வீடு. வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து, கூரை முழுக்க சோலார் தகடு போட்டுப் புது வீடு கட்டியிருந்த குடும்பம். ஒன்பது வயதுப் பெடியன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேரவில்லை என்று கிராம அலுவலர் அறிவித்திருந்தார். தகப்பன் என்னைக் குளிர் அறைக்குள் இருத்தி, தாங்கள் 'ஹோம் ஸ்கூலிங்' செய்வதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிரம்பு இருக்கிறது, பாடமாக்கச் சொல்கிறார்கள், கேள்வி கேட்டால் வாயைப் பொத்தச் சொல்கிறார்கள் என்றார். ஒன்றும் பொய் இல்லை. பெடியனும் கெட்டிக்காரன். தான் வளர்க்கிற கறையான் புற்றைக் காட்டி, கறையான் எப்படி வீடு கட்டுகிறது என்று எனக்கு வகுப்பே எடுத்தான். அவர்களில் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

கோபம் வந்தது அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான். இரண்டு வீட்டு விஷயத்தையும் மேலதிகாரிக்கு ஒன்றாகச் சொன்னேன். சோலார் வீட்டைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. வெளிநாடுகளில் இப்போது அதுதானாம் முறை. அப்படியானால் சுகந்தி செய்வதும் அதுதானே, குசினிக்குள் நடந்தால் அதற்குப் பேர் வேறா என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற மிஸ். அவை யோசிச்சுச் செய்யினம், குழப்பாதேங்கோ. நீங்கள் போய் அந்த வீல்செயார்ப் பிள்ளையின்ர தாய்க்குச் சட்டத்தைச் சொல்லுங்கோ."

ஆறாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும்

சட்டத்தைச் சொல்ல நான் சுகந்தியிடம் போகவில்லை, அதிபரிடம் போனேன். அந்த மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய அலுவலகம், ஆசிரியர் அறை, நூலகம், ஆறாம் ஆண்டு வகுப்பு. ஆறாம் ஆண்டை மேலே ஏற்றிப் பத்தாம் ஆண்டைக் கீழே இறக்கினால் விஷயம் முடிந்தது. மேசை கதிரை மாற்ற ஒரு காலைநேரம் போதும். சின்னப் பிள்ளைகள் படியேற மாட்டோம் என்று அழப்போவதில்லை.

அதிபர் நல்ல மனிதர்தான், தேத்தண்ணி தந்தார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல்தளம் என்றால் ஒரு மரியாதை. ஆறாம் ஆண்டில் சேர்கிற பிள்ளை, எப்போது மேலே போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்குமாம். பத்தாம் ஆண்டுக்குப் போகிற முதல் நாள் பிள்ளைகள் படியில் நின்று படம் எடுப்பார்களாம், பெற்றோரும் வருவார்களாம். அந்த வழக்கத்தைத் தன் காலத்தில் உடைத்துப் பெயர் கெட விருப்பமில்லையாம். சேர், நீங்களும் ஒருநாள் பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் தண்ணி குடியாமல் இருந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் போயிருக்க வேண்டும், ஆசிரியர் அறைக் கதவு திறந்தது. அவர் சிரித்து மழுப்பினார்.

"ஒரு பிள்ளைக்காக ஒரு முழு வகுப்பையும் ஆறாம் ஆண்டாக்கச் சொல்லுறியள் மிஸ். அது ஞாயமோ?"

பூமாலை

அதற்குப் பிறகு நான் விடவில்லை. கூட்டம் வந்தால் கூட்டத்தில் எழும்பினேன், மேலதிகாரியைக் கண்ட இடத்தில் மறித்தேன். யாழினி மிஸ் என்று எனக்குப் பட்டமே வைத்துவிட்டார்கள். கடைசியில், மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார் என்ற கதை கிளம்பியது. அடுத்த நாளே அதிபர் எனக்குப் போன் எடுத்து, பிள்ளைக்குக் கீழே ஒழுங்கு செய்தாயிற்று, திங்கட்கிழமை கூட்டிவாங்கோ என்றார். நான் ஸ்கூட்டியில் பறந்து போய் சுகந்திக்குச் சொன்னேன். அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். யாழினி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே ஸ்திரிக்கை போடத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை வாசலில் பூமாலை. அதிபர் யாழினிக்கு மாலை போட, ஒரு ஆசிரியர் படம் எடுத்தார். பிறகு நானும் சுகந்தியும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்குள் போனோம். நன்றாகக் கூட்டித் துடைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடியது. நடுவில் ஒரு மேசை இருந்தது. ஒன்றே ஒன்று.

மற்றப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். மேலே, என்றார் அதிபர். வகுப்பை இறக்கவில்லை, பிள்ளையை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது இறங்கி வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். கழிப்பறையும் பக்கத்திலாம், இனி என்ன குறை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு வாயில் வந்ததை எழுதினால் இந்தக் கதை அச்சாகாது. நான் கத்தி ஓய்ந்த பிறகும் அவர், உண்மையாகவே ஒன்றும் விளங்காமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சுகந்தி பையிலிருந்து எடுத்த தண்ணீர்ப் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

பாட மணி அடித்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை. மேலே கதிரைகள் இழுபட்டன, யாரோ ஏதோ சொல்ல வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. யாழினி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரைக்கும் இருந்து பார்க்கிறாயா அம்மா என்று கேட்டேன். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவையள் சிரிக்கிறது கேக்குது மிஸ், என்னத்துக்குச் சிரிக்கினம் எண்டு தெரியேல்லை. வீட்டில எண்டா அது கேக்காது. நான் போறன்."

அவளை நான்தான் கேற்றுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

அன்று பின்னேரமே அலுவலகத்தில், இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வராததற்குக் காரணம் பள்ளிக்கூடம்தான் என்று அறிவித்தேன். எங்கள் நடைமுறையில் அப்படி ஒரு காரணமே கிடையாதாம்.