எறா ஓட்டுத் துணியும் அப்பாவின் கையும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. எங்கள் ஊர் திருத்தணி. தலைமுறை தலைமுறையாகக் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் வெங்காயம் வந்தாலே விசாரணை நடக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் நான் என்ன செய்தேன் தெரியுமா? எறா ஓடு, அதாவது இறால் ஓடு, கழுவினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, ஆராய்ச்சிதான்.

எறா ஓட்டைக் காயவைத்து, அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி ஊறவைத்துச் சுத்தம் செய்தால் கைட்டோசான் என்று ஒரு பொருள் கிடைக்கும். அதை மெல்லிய துணிபோல ஆக்கி, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள்களை அதில் ஏற்றுவது என் வேலை. காயத்தின் மேல் போட்டால் கிருமியை அண்டவிடாது, சதையோடு ஒட்டிக்கொள்ளாது என்று நம்பினோம். ஆஸ்பத்திரியில் காய்ந்து ஒட்டிப்போன கட்டைப் பிரிக்கும்போது நோயாளி போடும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. சோதனைத் தட்டில் கிருமிக் கூட்டம் என் துணியைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளியே நின்றதை முதன்முதலில் பார்த்த அன்று, சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

வாசனைதான் என்ன தேய்த்தாலும் போகாது. ஒருநாள் திரும்பும் ரயிலில், பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மணவூர்ப் பூக்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா கண்ணு, எறா வாங்கினு போறியா? பாத்தா ஐயரூட்டுப் பொண்ணு மாரி கீற?"

பெட்டியே சிரித்தது. "ஆங், எறா ஓடுதாங்க. அதுல புண்ணுக்குப் போடற மருந்துத் துணி செய்யறேன்" என்று நானும் உரக்கவே சொன்னேன். எதிர் இருக்கையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

அன்று மாலையே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "மடப்பள்ளிக்காரன் ஆத்துப் பொண்ணு எறா ஓட்டை அலசறாளாம். ஊரே சிரிக்கறது. நாளைலேர்ந்து இவ போகப்படாது" என்றார். அம்மா அழுதாள். அப்பா வாயைத் திறக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போவேன் பெரியப்பா" என்றேன். மறுநாள் வழக்கம்போல ரயிலேறினேன். பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். எனக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. அப்பாவின் மௌனம்தான் பயமாக இருந்தது. என்றைக்காவது அவரே "விட்டுடும்மா" என்று சொல்லிவிட்டால், அதை மீறுகிற தைரியம் எனக்கு இருந்திருக்காது.

சில மாதங்களில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மலையடிவாரத்தில் ஒரு மண்டபம். ஆய்வகத்திலிருந்து நேராக அங்கேதான் போனேன். மறுநாள் வேலூரில் எலிகளின் காயத்தில் போட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்க வேண்டிய துணிகள் என் பையில் இருந்தன. "அந்த எறாத் துணிப் பையைச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவராதே" என்று அம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னதில், பையில் என்ன இருக்கிறது என்பது மண்டபத்துக்கே தெரிந்துபோயிற்று.

சமையலுக்கு ஆள் வைத்திருந்தும் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. பாயசத்துக்கு வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்த உருளியை இறக்கப் போனார். பிடித்துணி நழுவி, பாகு வலது முன்கையில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். கரண்டி பிடிக்கிற கை. அப்பா போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது.

ஒருவர் இங்க் பாட்டிலோடு ஓடிவந்தார், இன்னொருவர் பற்பசையோடு. எல்லோரையும் தள்ளிவிட்டு அப்பாவின் கையைக் குழாயடியில் பிடித்தேன். அப்போது யார் வந்தார் என்கிறீர்கள்? பெரியப்பாவேதான்.

"ஏண்டி, பைல வெச்சிருக்கியே அந்த எறாத் துணி, அதை எடுத்துண்டு வாயேண்டி!"

எனக்குக் கை பரபரத்தது. பொய் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து அந்தக் கையில் சுற்றி, அது நன்றாக ஆறியும்விட்டால் தெருவின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். ஆனால் அந்தத் துணி இன்னும் ஓர் எலியின் மேல்கூடப் பட்டதில்லை. தட்டில் கிருமி விலகி நின்றது என்பதற்காக மனிதச் சதை தாங்கிக்கொள்ளும் என்று யார் சொன்னது? தானாக ஆறினாலும் என் துணிதான் ஆற்றியது என்று ஊர் சொல்லும், நானும் நம்பிவிடுவேன்.

"தரமாட்டேன். அது இன்னும் மனுஷாளுக்குப் போடற நிலையில இல்லை" என்றேன்.

பெரியப்பா கத்தினார். "பெத்த அப்பனுக்கு ஆகாத படிப்பு என்னடி படிப்பு? இதுக்கா மானத்தை வித்துண்டு ரயில்ல போறே? டேய், இன்னியோட இவளை நிறுத்துடா!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைக் கல்நெஞ்சுக்காரியைப் போலப் பார்த்தார்கள். நான் தண்ணீரை நிறுத்தவில்லை. அப்பா வலியில் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"நிறுத்த மாட்டேண்ணா. நைவேத்தியம் ஆகறதுக்கு முன்னாடி, சொந்தக் கொழந்தை பசின்னு அழுதாக்கூட ஒரு பருக்கை எடுத்துக் குடுத்திருக்கோமா நாம? இவ கையில இருக்கறது இன்னும் நைவேத்தியம் ஆகலை. குடுக்க மாட்டேங்கறா. அவ சரியாத்தான் இருக்கா."

பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க தண்ணி ஊத்தினது? நல்ல வேலை பண்ணீங்க. எல்லாம் இங்க், பேஸ்ட்டுன்னு அப்பிகினு வருவாங்க" என்றார். வழக்கமான மருந்தும் வலைத்துணிக் கட்டும்தான். "நாளைக்கு நீ வேலூர் போகணுமே, போய்ட்டு வா" என்று அப்பாவே சொல்லி அனுப்பினார். அதன்பின் ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அது ஒட்டிக்கொண்டு, அவர் பல்லைக் கடிப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது மட்டும் லேசில்லை. கை ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. நான் ஆய்வை முடித்தேன்.

இப்போது காயக்கட்டுகள் தயாரிக்கும் ஓர் இடத்தில் தரச் சோதனை என் பொறுப்பில் இருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது, கடைசிச் சோதனையை விட்டுவிட்டால் என்ன என்று அவ்வப்போது யாராவது வந்து நிற்பார்கள். என்னைவிடப் பெரிய நாற்காலிக்காரர்களும் வருவார்கள். பெற்ற அப்பா துடித்தபோதே பையைத் திறக்காதவள், உங்களுக்காகவா திறக்கப் போகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சில நாள் வாய்விட்டே சொல்லியும்விடுவேன்.